தண்ணி குடிக்காத பிள்ளை: குழந்தை மனநல மருத்துவம் கேட்க மறந்த கேள்வி

1

எங்க அக்கா மகனுக்கு ஒரே பொண்ணு. 2023-இல் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு மாசத்தில் அடிவயிறு வலிக்குதுன்னு சொல்ல ஆரம்பித்தாள். மூத்திரம் போக எரிச்சல். நீர்க்கடுப்புன்னு நினைச்சு வீட்டில் மோர் கொடுத்தார்கள், வெந்தயம் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் சோதித்து கிருமித்தொற்று என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சரியானது. திரும்ப வந்தது. மூன்றாவது முறை போனபோது பிள்ளை சாப்பாட்டையும் விட்டிருந்தாள், ராத்திரி தூக்கமும் இல்லை. டாக்டர் ஓ.பி. சீட்டைத் திருப்பி, மனநலப் பிரிவுக்குப் போங்க என்று எழுதினார்.

எங்க தெருவில் அப்படி ஒரு சீட்டை முதன்முதலாகக் கொண்டுவந்த பிள்ளை அவள்தான். அக்கா அழுதாள். "எம் பேத்திக்கு என்னா பைத்தியமா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள். இல்லக்கா, காய்ச்சலுக்குப் பாக்குற மாதிரி இதுக்கும் பாக்குறாங்க, அவ்வளவுதான் என்று சொல்லிக் கூட்டிப்போனேன்.

அங்கே ஒரு தாள் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அப்பா குடிப்பாரா? அம்மாவை அடிப்பாரா? வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா? யாராவது தூக்கு மாட்டிக்கொண்டார்களா? குழந்தையை யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டார்களா? எல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை "இல்ல" என்றாள். அவள் அப்பன் தலையைக் குனிந்தபடி நின்றான். அந்தத் தாளில் இருந்த கேள்வி எல்லாம் எங்க வீட்டைச் சுற்றியே வந்தது. ஒரு கேள்விகூட வாசலைத் தாண்டி ஊருக்குள் போகவில்லை, பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை.

மூன்றாவது தடவை போனபோது வேறொரு உளவியலாளர் இருந்தார். சின்ன வயசுப் பெண். தாளை மூடி வைத்துவிட்டு, "ஸ்கூல்ல யார் பக்கத்துல உக்காருவே?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒருநாள் தாகம் என்று இவள் பாட்டிலை வாங்கிக் குடித்திருக்கிறாள். மறுநாள் அவள் அம்மா பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "கண்டவ பாட்டில்ல வாய வைப்பியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அன்றைக்கே அந்தப் பிள்ளை இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு இவள் பள்ளிக்கூடத்தில் தண்ணி குடிப்பதில்லை. காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் அய்ந்து மணி வரை ஒரு சொட்டு இல்லை. பாட்டிலை எடுத்தாலே எல்லாரும் தன்னைப் பார்க்கிற மாதிரி இருக்கு என்றாள்.

நீர்க்கடுப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

2

அண்ணல் அம்பேத்கர் தன் இளமைக்கால அனுபவங்களை எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூல் நமக்கெல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணிச்சாக்கு போட்டு உட்கார்ந்ததும், குழாயைத் திறந்துவிட பியூன் வராத நாளில் தாகத்தோடு இருந்ததும் அதில் இருக்கிறது. 1901-இல் கோரேகானில் வேலையில் இருந்த அப்பாவைப் பார்க்கப் பிள்ளைகளாகவே ரயிலேறிப் போன கதையும் இருக்கிறது. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் இவர்கள் மகர் என்று தெரிந்ததும் விலகிப்போகிறார். வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியைத் தாங்களே ஓட்டி, கையில் சோறு இருந்தும் தண்ணீர் கிடைக்காமல் பசியோடு ராத்திரியைக் கழிக்கிறார்கள். அப்போது அவருக்கு ஒன்பது வயது. பின்னால் எத்தனையோ பார்த்துவிட்ட மனிதர் அந்த ஒரு பயணத்தை மறக்கவில்லை.

நூற்றி இருபத்திரண்டு வருஷம் கழித்து எங்க வீட்டுப் பிள்ளைக்கும் அதே தாகம். இப்போது பள்ளிக்கூடத்தில் குழாய் எல்லாருக்கும் பொது. தடுக்க யாருமில்லை. தடுப்பு பிள்ளையின் தொண்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. 1901-இன் தாகத்துக்குச் சட்டம் போடலாம், வழக்குப் போடலாம். 2023-இன் தாகத்தை மனநல மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்த மருத்துவம் என்ன வளர்ந்திருக்கிறது, நமக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது நம்முடைய வேலைதான். இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

3

முதலில் ஒரு பாவமன்னிப்பு.

இந்தப் பிள்ளையின் அப்பன், என் அக்கா மகன், தொண்ணூறுகளின் நடுவில் ஏழாவது படித்தவன். பள்ளிக்கூடக் கக்கூஸைக் கழுவச் சொன்னார் வாத்தியார். எங்க தெருப் பையன்களை மட்டும்தான் சொல்வார். இவன் மாட்டேன் என்றான். சாதிப்பேர் சொல்லி அடித்தார். அன்றிலிருந்து பையன் பேச்சை நிறுத்திவிட்டான். தூக்கத்தில் ஒன்றுக்குப் போனான். பேய் பிடிச்சிருக்கு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். வாத்தியாரிடம் வாங்கிய அடிக்கு மருந்தாக இன்னொரு அடி.

நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? நகரத்தில் இருந்தேன். ஃபூக்கோ படித்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் என்பது அதிகாரத்தின் கட்டமைப்பு, மருத்துவமனை என்பது சிறையின் மறுவடிவம், பித்து என்பது பகுத்தறிவின் வன்முறைக்கு எதிரான கலகம் என்றெல்லாம் சிறுபத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா கடிதம் போட்டாள், 'ஆஸ்பத்திரியில காட்டலாமா தம்பி?' என்று. நான் சொன்னேன், வேண்டாம், அங்கே போனால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று. முத்திரை பற்றி நான் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எனக்குக் கோட்பாடு இருந்தது. பையனுக்கு ஒன்றுமே இல்லை. எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனி வேலைக்குப் போனான். இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் நுழைந்தாலும் சுவரோரமாகத்தான் நிற்பான். மகள் விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான் நின்றான். "மாமா, எனக்கும் இந்த மாதிரி யாராச்சும் கேட்டிருந்தா நானும் சொல்லிருப்பேன்" என்று வெளியே வந்து சொன்னான். முப்பது வருஷமாக நான் எழுதிய கட்டுரைகளுக்கு வந்த ஆகக் கடுமையான விமர்சனம் அது.

ஃபூக்கோ படித்தது தப்பு என்று சொல்லவில்லை. அய்ரோப்பாவில் பைத்தியக்காரர்களை அடைத்து வைத்த கதையை வைத்து, அடைத்து வைக்கக்கூட யாருமில்லாத நம் பிள்ளைகளின் கதையை விளங்கிக்கொண்டதாக நினைத்தோமே, அதுதான் தப்பு. நமக்கு நடந்தது மருத்துவ அதிகாரம் அல்ல, மருத்துவம் இல்லாமை. அது இல்லாத இடத்தில் சங்கிலி இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் செத்தார்கள். சங்கிலி பற்றி எந்த அய்ரோப்பியக் கோட்பாடும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

4

வளர்ச்சி இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக மனநல வழிகாட்டி நிலையம் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளியில் 1937-லேயே வந்துவிட்டது. ஆனால் அது பம்பாய். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் அதை மாவட்ட அளவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவது உரிமை என்றது. அந்த உரிமையில் பாகுபாடு கூடாது என்று அடுக்கும்போது சாதி என்ற சொல்லையும் சேர்த்தே எழுதியது. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்தது. உள்நோயாளியாகச் சேரும் சிறுவர்களைப் பெரியவர்களோடு போடக்கூடாது என்றது. 2022-இல் 14416 என்ற தொலைபேசி எண் வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் கூப்பிடலாம்.

மருத்துவத்தின் உள்ளேயும் மாற்றம் உண்டு. 'சின்னப்புள்ளைக்கு என்ன மனக்கஷ்டம்' என்ற பேச்சு போய்விட்டது. பெரியவர்களுக்கு வரும் மனநோய்களில் பாதி பதினாலு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேச்சின் மூலம், விளையாட்டின் மூலம், படம் வரையச் சொல்லி, பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் குணப்படுத்தும் முறைகள் வந்துவிட்டன. எங்க பிள்ளையும் அப்படித்தான் தேறினாள். முதல் வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு மிடறு. அடுத்த வாரம் கால் பாட்டில். அந்த உளவியலாளர் எழுதிக்கொடுத்த அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறோம். மாத்திரை தேவைப்படும் பிள்ளைக்கு மாத்திரையும் வேண்டும். 'அதெல்லாம் பணக்காரன் வியாதி' என்று பேசும் தோழர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி, அந்தத் தாளுக்கு வருகிறேன். வீட்டை மட்டும் துருவும் அந்தக் கேள்விகளுக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. அமெரிக்காவில் சான் டியாகோவில் 1995-க்கும் 1997-க்கும் இடையில் 17,000க்கு மேற்பட்டவர்களிடம் அவர்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரண்டு மருத்துவர்கள் 1998-இல் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தையில் பட்ட கஷ்டங்கள் கூடக்கூட, பெரியவனானதும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் மட்டுமல்ல, இதயநோய்கூடக் கூடுகிறது என்று கண்டார்கள். பெரிய கண்டுபிடிப்பு. இன்று உலகம் முழுக்க அந்தப் பத்துக் கேள்விப் பட்டியல் புழங்குகிறது. அடி, வசை, பாலியல் வன்கொடுமை, புறக்கணிப்பு, குடி, பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது. பத்தும் வீட்டுக்குள் நடப்பவை. ஏன்? அவர்கள் கேட்ட ஆட்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், நடுத்தர வர்க்கம். அவர்களுக்கு ஆபத்து வருவதென்றால் வீட்டுக்குள்ளிருந்துதான் வரவேண்டும். தெரு அவர்களுடையது, பள்ளிக்கூடம் அவர்களுடையது.

நமக்குத் தலைகீழ். எங்க பிள்ளைக்கு வீடுதான் ஒளிந்துகொள்ளும் இடம். ஆபத்து காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறது.

அமெரிக்கர்களே இதைத் திருத்தியிருக்கிறார்கள். கருப்பு மக்கள் அதிகம் வாழும் ஃபிலடெல்ஃபியாவில் 2012-13-இல் 1,700க்கு மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, பழைய பட்டியலோடு புதிதாக அய்ந்து கேள்விகள் சேர்த்தார்கள். கண்முன்னே வன்முறை பார்த்தாயா, இனத்தால் இழிவாக நடத்தப்பட்டாயா, உன் தெரு பாதுகாப்பானதா, சக பிள்ளைகள் துன்புறுத்தினார்களா, வளர்ப்பு இல்லத்தில் இருந்தாயா. அவர்களால் இனம் என்று கேட்க முடிகிறது. இங்கே சாதி என்று கேட்கக் கூச்சமா? பள்ளிக்கூடத்தில் சேரும்போது கேட்கிறீர்கள், சான்றிதழுக்குக் கேட்கிறீர்கள், கல்யாணத்துக்குக் கேட்கிறீர்கள். வலிக்குது என்று வந்து நிற்கும்போது மட்டும் அது கெட்ட வார்த்தையாகிவிடுகிறதா?

5

ஆனால் எப்படிக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். இதில் நம் ஆட்களே அவசரப்படுகிறார்கள். 'கேஸ் ஷீட்டில் சாதி என்று ஒரு கட்டம் போடு' என்பதோடு முடிகிற காரியம் இல்லை.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்குச் சிக்குவழிப் புதிர் கொடுத்துப் பார்த்தார்கள். சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையனும் நம் பையனும் ஒரே அளவுக்குப் புதிரை அவிழ்த்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் அறிவித்தபிறகு நம் பையன்கள் சரிந்தார்கள். புத்தி அதே புத்திதான். மாறியது அறை. 2004-இல் இது அறிக்கையாக வந்தது. 'உதவித்தொகை வாங்குறவன்லாம் எழுந்து நில்லு' என்று வகுப்பில் நிற்கவைக்கப்பட்ட நமக்கு இதைச் சொல்ல உலக வங்கி வேண்டியதில்லை. என்றாலும் எண்ணிக்கையோடு நிரூபித்தது நல்லது. ஆகவே கட்டம் போட்டுச் சாதிப்பேரை எழுதுவது இன்னொரு முறை எழுந்து நிற்கவைப்பதாக ஆகிவிடக்கூடாது. கேட்கவேண்டியது சாதியின் பெயரை அல்ல, சாதியின் செயலை. யார் பக்கத்தில் உட்காருவே? யார் வீட்டுக்கு விளையாடப் போவே? யார் உன் வீட்டுக்கு வருவாங்க? பள்ளிக்கூடத்துல தண்ணி குடிப்பியா? யாரு உன்ன என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க?

அதேபோல, காயத்தைச் சொல்வதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பினத் தம்பதிகள் 1940-களில் 253 கருப்புக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கருப்புப் பொம்மையையும் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளையைக் காட்டின. 1954-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தனித்தனிப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வு அடிக்குறிப்பில் இடம்பெற்றது. ஒரு குழந்தையின் மனக்காயம் நாட்டின் சட்டத்தைப் புரட்டியது. ஆனால் அதே சோதனையை வைத்து, கருப்புக் குழந்தை என்றாலே உடைந்த குழந்தை என்று பேசும் வழக்கமும் வளர்ந்தது. கிளார்க் தம்பதிகள் அதோடு நிற்கவில்லை. 1946-லேயே ஹார்லெமில் பிள்ளைகளுக்கென்று நார்த்சைடு நிலையத்தைத் திறந்திருந்தார்கள். மந்தபுத்தி என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிய பிள்ளைகளை அங்கே சோதித்துப் பார்த்து, பலர் மந்தபுத்தியே இல்லை, பள்ளிக்கூடம் சொன்னது பொய் என்று பெற்றோர் கையில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கையில் வைத்தியம், மறுகையில் வழக்கு. நமக்கு வேண்டியது இந்த மாதிரி.

இங்கே நடப்பது என்ன? எங்க பிள்ளையின் உளவியலாளர் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார். 'எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது' என்று பதில் வந்தது. பிள்ளை மாத்திரை சாப்பிட வேண்டும், மூச்சுப்பயிற்சி செய்ய வேண்டும், அட்டவணைப்படி தண்ணி குடிக்க வேண்டும். பாட்டிலைக் கழுவச் சொன்ன ஊருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. நோயாளி யார்?

அதே 2023 ஆகஸ்டில்தான் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு, பொட்டு வேண்டாம், பள்ளிகளின் பெயரில் சாதி அடையாளம் வேண்டாம் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. வெட்டிய பையன்களும் பதினேழு வயசுக்குள்தான். அவர்கள் மனசும் குழந்தை மனசுதான். சாதி வெறியை எந்த வயசில், யார், எந்தக் கையால் ஊட்டினார்கள் என்று குழந்தை மனநல மருத்துவம் ஆராய வேண்டாமா? தாழ்த்தப்பட்டவன் பிள்ளையின் பயத்துக்கு நோய்ப் பெயர் இருக்கிறது. ஆதிக்கசாதிப் பிள்ளையின் வெறுப்புக்குப் பெயர் இல்லை. அது ஊர் வழக்கம்.

6

இலக்கியத்துக்கு வருகிறேன்.

மருத்துவம் எழுதாத கேஸ் ஷீட்டை நம் தன்வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. நம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவருகிறார். சின்னப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்கு ஓடுகிறது. அண்ணன் விளக்கியதும் சிரிப்பு செத்துப்போகிறது. ஒரு குழந்தைக்குள் சாதி நுழையும் நொடியை இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. திருடாத தேங்காய்க்காக எல்லார் முன்னாலும் அவமானப்பட்டு நிற்பது இன்னொன்று. வந்த காலத்தில் நம் விமர்சகர்கள் என்ன பேசினார்கள்? இது நாவலா, தன்வரலாறா? மொழி கொச்சையா, அழகா? வடிவம் பற்றி மாய்ந்து மாய்ந்து எழுதினோம். அந்தப் பிள்ளைக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்ததா என்று நாம் கேட்கவில்லை. இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997-இல் வந்தது. தலைமையாசிரியர் ஒரு மாணவனைப் படிக்கவிடாமல் நாள்கணக்கில் பள்ளிக்கூடத்தைக் கூட்டவைக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த அப்பா துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்து சண்டை போடுகிறார். நாம் அந்த அப்பாவைக் கொண்டாடினோம். சரிதான். அந்த அப்பா அந்தப் பக்கம் வராமல் போன பள்ளிக்கூடங்கள் எத்தனை?

இங்கேதான் நம் இலக்கியத்தின் மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தன்வரலாறு எழுதியவர்கள் எல்லாம் தப்பித்தவர்கள். படித்து, வேலை வாங்கி, பேனா பிடித்தவர்கள். நம் விமர்சனமும் தழும்பை வீரத்தின் பதக்கமாகவே வாசித்தது. அடங்க மறுத்த பிள்ளை, எதிர்த்துப் பேசிய பிள்ளை, முதல் மதிப்பெண் வாங்கிக் காட்டிய பிள்ளை. பயந்த பிள்ளைக்கு நம் பக்கங்களில் இடம் இல்லை. பாயில் ஒன்றுக்குப் போன பிள்ளை, பேச்சை நிறுத்திய பிள்ளை, எட்டாவதோடு நின்றுபோன பிள்ளை நமக்குத் தோல்வியாகத் தெரிந்தது. என் அக்கா மகனைப் பற்றி முப்பது வருஷம் நான் ஒரு வரி எழுதாததற்கு அதுதான் காரணம். அவன் கதையில் கலகம் இல்லை. கக்கூஸ் கழுவ மாட்டேன் என்று ஏழாவது படிக்கிற பையன் சொன்னதே கலகம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியப் பையனின் தனிமையை மையமாக வைத்து 'கூளமாதாரி' (2000) என்று ஒரு நாவல் வந்தது. எழுதிய பெருமாள்முருகன் தலித் அல்லர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் எங்கே பார்க்காமல் விட்டோம் என்பதற்குச் சொல்கிறேன்.

ஆகவே இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்டால், இதுதான் வேலை. உளவியல் படிக்கிற மாணவர்களுக்குக் 'கருக்கு' பாடமாக வேண்டும், தமிழ் வகுப்பில் அல்ல, குழந்தை மனநலம் என்ற தாளில். விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் போடுகிற ஆலோசகர்களில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். 'எங்க ஸ்கூல்ல அப்படி எதுவும் இல்ல' என்ற கடிதத்துக்கு யாராவது பதில் கேட்கும் சட்டவழி வேண்டும். 2016-இல் ரோஹித் வெமுலா செத்தபோதும் 2017-இல் அனிதா செத்தபோதும் தெருவுக்கு வந்தோம். வரத்தான் வேண்டும். ஆனால் செத்தபிறகு மட்டும் நம் பிள்ளையின் மனசைப் பற்றிப் பேசுகிற இயக்கமாக நாம் இருக்கக்கூடாது.

எங்க பிள்ளை இப்போது பத்தாவது. வேறு பள்ளிக்கூடம். தினமும் ஒரு லிட்டர் பாட்டில் கொண்டுபோகிறாள். சாயங்காலம் அவள் வந்ததும் அவள் அப்பன் ஒன்றும் கேட்கமாட்டான், பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பான். சில நாள் காலியாக இருக்கிறது. சில நாள் பாதி அப்படியே இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் போய், யார் பக்கத்துல உக்காருவேன்னு ஒரு தடவை கேளுங்கள். அது சொல்வதை எழுதி அனுப்புங்கள். நடை வேண்டாம், வடிவம் வேண்டாம். அது சொன்னபடியே வேண்டும்.